பள்ளிக்கு ஞாயிறு, பாடத்துக்கு வெள்ளி: யூத சபையில் குடும்பக் கல்வியை நடத்துவது எப்படி

அமெரிக்க யூத சபை ஒன்றில் பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்குமான கல்விப் பொறுப்பை 2026 கோடையில் ஏற்கிறவர், முதல் வேலையாக நாட்காட்டியை விரித்து ஞாயிற்றுக்கிழமைகளை எண்ண வேண்டும். செப்டம்பர் 6 தொழிலாளர் தின நீள்விடுமுறையில் விழுகிறது. பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். 13ஆம் தேதி யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவின் இரண்டாம் நாள். 20ஆம் தேதி மாலை யோம் கிப்பூர் உபவாசம் தொடங்குகிறது. 27, கூடாரப் பண்டிகையான சுக்கோத்தின் இரண்டாம் நாள். அக்டோபர் 4, மோசேயின் ஐந்து நூல்களான தோராவின் வாசிப்பு ஒரு சுற்று முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும் சிம்ஹத் தோரா. ஆக, வகுப்பு உருப்படியாகத் தொடங்குவது அக்டோபர் 11 அன்றுதான். சீர்திருத்தப் பிரிவான ரிஃபார்ம் சபைகள் பலவற்றில் பண்டிகைக்கு இரண்டாம் நாள் இல்லை. அங்கே ஓரிரு ஞாயிறு மிஞ்சும். ஆனால் மூன்று வாரமாகப் பண்டிகை நடத்திக் களைத்த வீட்டிலிருந்து அன்று எத்தனை பிள்ளை வரும் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அங்கிருந்து மே நடுவரை எண்ணி, நன்றியறிதல் நாள், டிசம்பர் விடுமுறை, பிப்ரவரி நீள்விடுமுறை, பஸ்கா வாரம் எல்லாம் கழித்தால் கையில் நிற்பது 25, 26 ஞாயிறு. தலா இரண்டரை மணி என்றால் வருஷம் முழுவதற்கும் 65 மணி நேரம். பள்ளியும் தூக்கமும் போக ஒரு பிள்ளைக்கு ஒரே வாரத்தில் மிஞ்சும் நேரமே ஏறக்குறைய அவ்வளவு.

இந்தக் கணக்கை நிர்வாகக் குழுவிடமும் பெற்றோரிடமும் தாளில் எழுதிக் காட்டுங்கள். 65 மணிக்குள் எபிரேயம், தோரா, ஜெபங்கள், பண்டிகைகள், மூவாயிரம் ஆண்டு வரலாறு எல்லாவற்றையும் திணித்தால் எதுவும் ஒட்டாது. ஆகவே ஒரு தீர்மானத்தோடு தொடங்குங்கள்: ஞாயிறு வகுப்பில் நடப்பதெல்லாம், வார ஓய்வுநாளான ஷபாத் தொடங்கும் வெள்ளி மாலை வீட்டு மேசையில் ஏதாவது ஒன்று நடப்பதற்காக. அப்படி வீட்டுக்குப் போகாத பாடத்தை, எவ்வளவு அழகாக இருந்தாலும், அடுத்த வருஷம் எடுத்துவிடலாம்.

இங்கே சொல்வது ரிஃபார்முக்கும், மரபை அதைவிடக் கூடுதலாகப் பேணும் கன்சர்வேடிவ் பிரிவுக்கும் பொருந்தும். மரபை முழுதாகக் கைக்கொள்ளும் ஆர்த்தடாக்ஸ் வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் முழுநேர யூதப் பள்ளிக்கே போவதால் அங்கே கணக்கு வேறு. ஞாயிறு பள்ளி என்றதும் நம் ஊர்க் கிறிஸ்தவர்களின் சண்டே ஸ்கூல் நினைவுக்கு வந்தால் அதில் தப்பில்லை. 1838இல் ரெபேக்கா கிராட்ஸ் பிலடெல்பியாவில் முதல் எபிரேய ஞாயிறு பள்ளியைத் தொடங்கியபோது அந்த அமைப்பைத்தான் முன்மாதிரியாகக் கொண்டார்.

கோடையில் முடிக்க வேண்டியவை

எபிரேய நாட்காட்டி சந்திர மாதங்களில் ஓடி, 19 வருஷத்துக்கு 7 முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்துச் சூரியனோடு ஒத்துப்போகும். தெலுங்கு, கன்னடப் பஞ்சாங்கத்து அதிக மாதத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. 2026 செப்டம்பரில் தொடங்கும் 5787ஆம் வருஷம் அப்படி ஒரு வருஷம். ஆதார் மாதம் இரண்டு முறை வரும். விளைவு: எஸ்தர் கதையைக் கொண்டாடும் பூரிம் 2027 மார்ச் 23க்கும், பஸ்கா முதல் இரவு ஏப்ரல் 21க்கும், தோரா வழங்கப்பட்டதை நினைவுகூரும் ஷாவுவோத் ஜூன் 11க்கும் தள்ளிப்போகின்றன. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் உறுதிப்பாட்டுச் சடங்கை ஷாவுவோத்தில் வைப்பது ரிஃபார்ம் சபைகளின் வழக்கம். ஜூன் 11 என்றால் சில ஊர்களில் பள்ளியே மூடியிருக்கும், சில ஊர்களில் இறுதித் தேர்வு நடக்கும். அன்றே வைப்பதா, மே மாத ஷபாத் ஒன்றுக்கு மாற்றுவதா என்பதை ஆகஸ்டிலேயே சபையின் மதகுருவான ரப்பியோடு பேசி முடித்துவிடுங்கள். ஏப்ரலில் பேசினால் தாத்தா பாட்டிகள் விமான டிக்கெட் எடுத்திருப்பார்கள்.

வகுப்பின் அளவுக்கு, யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தல்மூதிலேயே விதி உண்டு. பாபா பத்ரா என்ற பகுதி, ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள் என்கிறது. 40 ஆனால் ஓர் உதவியாளர், 50 ஆனால் இரண்டாவது ஆசிரியர். அது வாரம் முழுக்கப் படித்த பிள்ளைகளுக்குச் சொன்னது. ஞாயிறு காலை தூக்கத்திலிருந்து இழுத்து வரப்பட்ட எட்டு வயதுக்காரர்களுக்கு 12 பேருக்கு ஓர் ஆசிரியர், கூடவே ஓர் இளம் உதவியாளர் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஆசிரியர் சம்பளத்தில் வகுப்பு நேரத்தோடு தயாரிப்புக்கும் ஒரு மணி நேரம் சேர்த்துக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் தயாரிப்பு நடக்காது, வண்ணம் தீட்டும் தாள்தான் பாடமாகும்.

கோடையிலேயே எழுதி ரப்பியிடம் ஒப்புதல் வாங்க வேண்டிய இன்னொன்று, யூதரல்லாத பெற்றோர் சடங்குகளில் எதில் பங்கெடுக்கலாம் என்ற ஒரு பக்கக் குறிப்பு. பியூ ஆய்வு மையத்தின் 2020 கணக்கெடுப்பின்படி, அமெரிக்காவில் 2010க்குப் பின் திருமணமான யூதர்களில் 61 சதவீதம் பேரின் துணை யூதரல்லாதவர். உங்கள் வகுப்பறையில் பாதி வீடுகள் இப்படி இருக்கலாம். தந்தை மட்டும் யூதராக இருந்தால் பிள்ளை யூதரா என்பதில் 1983 முதல் ரிஃபார்ம் இயக்கம் ஒரு வழி, கன்சர்வேடிவ் இயக்கம் வேறு வழி. தோரா வாசிப்புக்கு அழைக்கப்படுவது, மேடையில் கூட நிற்பது, ஆங்கிலத்தில் ஒரு ஜெபம் வாசிப்பது, தோராச் சுருள் வைக்கும் பேழையைத் திறப்பது என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, யாருக்கு எது முடியும் என்று எழுதுங்கள். வீட்டில் பிள்ளையைக் காரில் ஏற்றி ஏழு வருஷம் கொண்டுவந்து விட்ட அம்மாவிடம், பிள்ளை வயதுக்கு வரும் சடங்கான பார் மிட்ஸ்வா விழாவுக்கு மூன்று வாரம் முன்பு "உங்களை அழைக்க முடியாது" என்று சொல்லும் நிலை வந்தால் அந்தக் குடும்பம் திரும்பி வராது. அதையே மூன்று வருஷம் முன்பு, "உங்களுக்கென்று இந்த இடம் இருக்கிறது" என்று காட்டிச் சொன்னால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வார்கள்.

வெள்ளி மாலை: நான்கு வாரத்தில் நான்கு அசைவு

ஷபாத் வெள்ளி சூரியன் மறையும்போது தொடங்குகிறது. மறைவுக்கு 18 நிமிடம் முன்பு மெழுகுவர்த்தி ஏற்றுவது பரவலான வழக்கம். வீட்டு வரிசை எளிது: விளக்கு, பிள்ளைகளுக்கு ஆசி, திராட்சை ரசத்தின் மேல் கிடுஷ் என்ற ஆசி, கை கழுவுதல், ஹல்லா என்ற பின்னல் ரொட்டி. முழுவதும் 12 நிமிடம். ஆனால் இதை மொத்தமாக 14 பக்கக் கையேடாக அச்சிட்டுக் கொடுத்தால் அது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்துக்கு அடியில் கிடந்தே மஞ்சளாகிவிடும்.

நான்கு வாரமாகப் பிரியுங்கள். முதல் வாரம் மெழுகுவர்த்தி மட்டும்: இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு தீப்பெட்டி, ஆசி எழுதிய உள்ளங்கை அளவு அட்டை, எல்லாம் ஒரு காகிதப் பையில் போட்டு ஞாயிறன்று பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புங்கள். "இந்த வாரம் இது மட்டும் போதும், வேறொன்றும் செய்ய வேண்டாம்" என்று பெற்றோரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த "வேண்டாம்" என்ற சொல்தான் வேலை செய்கிறது. இரண்டாம் வாரம் பிள்ளையின் தலையில் கை வைத்து ஆசி கூறுவது. மகனுக்கு எப்பிராயீம், மனாசே பெயர்கள். மகளுக்குச் சாராள், ரெபேக்காள், ராகேல், லேயாள். இதைத் தாய்மொழியிலேயே சொல்லலாம். பிள்ளையின் காதோரம் அந்த வாரத்தில் அது செய்த நல்ல காரியம் ஒன்றையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். எபிரேயம் வராத அப்பாக்கள் முதலில் பயப்படாமல் செய்வது இதைத்தான். மூன்றாம் வாரம் திராட்சைச் சாறு, நான்காம் வாரம் ரொட்டி.

அடுத்த ஞாயிறு பிள்ளைகளிடம் "செய்தீர்களா?" என்று கேட்காதீர்கள். செய்யாத பிள்ளை தலை குனியும், அந்த வீட்டில் அதோடு நின்றுவிடும். "தீக்குச்சியை யார் கிழித்தது?" "எந்த மேசையில் வைத்தீர்கள்?" என்று கேளுங்கள். கேள்வியே ஆவலைத் தூண்டும். பிரிந்து வாழும் பெற்றோர் என்றால் பை இரண்டு, அட்டை இரண்டு, மின்னஞ்சல் இரண்டு. எந்த வெள்ளி யார் வீடு என்று பிள்ளையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலையில் அதை வைக்காதீர்கள்.

ஆசிகளின் ஒலிப்பதிவை அனுப்பினால் வியாழன் இரவுக்குள் கேட்டுப் பழகச் சொல்லுங்கள். ஷபாத்தைக் கடைப்பிடிக்கும் வீட்டில் வெள்ளி மாலைக்குப் பின் கைபேசியைத் தொட மாட்டார்கள்.

2026இல், எட்டு இரவு விளக்கேற்றும் பண்டிகையான ஹனுக்காவின் முதல் இரவு டிசம்பர் 4, வெள்ளி. எட்டாம் இரவும் வெள்ளி. அன்று ஹனுக்கா விளக்கை முதலில் ஏற்றி, பிறகே ஷபாத் விளக்கு ஏற்ற வேண்டும். ஷபாத் விளக்கு ஏற்றிவிட்டால் அதன்பின் தீயைத் தொட முடியாது. கடைப் பெட்டியில் வரும் சிறு மெழுகுவர்த்தி (எட்டு நாளுக்கும் ஏற்றும் துணை மெழுகுவர்த்தியோடு சேர்த்துப் பெட்டிக்கு 44) அரை மணி நேரம்தான் எரியும். வெள்ளியன்று அது இருட்டிய பின்னும் அரை மணி எரிய வேண்டும் என்பதால், அந்த இரண்டு வெள்ளிக்கும் நீள மெழுகுவர்த்தி அல்லது எண்ணெய் விளக்கு தனியாக வாங்கிக் கொடுங்கள். நவம்பர் கடைசி ஞாயிறு நன்றியறிதல் விடுமுறை. ஆகவே இந்தப் பை 22ஆம் தேதியே கைக்குப் போக வேண்டும்.

ஹல்லா பின்னும் ஞாயிறு

குடும்ப நிகழ்ச்சி என்ற பெயரில் பிள்ளைகள் ஆட, பெற்றோர் பின்வரிசையில் காபி குடிப்பது வழக்கமான தோல்வி. பெற்றோரின் கையில் மாவு ஒட்ட வேண்டும். 20 குடும்பங்களுக்கு இப்படித் திட்டமிடலாம்.

ஒரு கிலோ மைதாவுக்குத் தண்ணீர் 420 மில்லி, எண்ணெய் 100 மில்லி, சர்க்கரை 100 கிராம், முட்டை 3, உப்பு 18 கிராம், உலர் ஈஸ்ட் 14 கிராம். இதில் 600 கிராம் வீதம் மூன்று ரொட்டி வரும். 7 கிலோ மாவுக்கு 21 ரொட்டி: வீட்டுக்கு ஒன்று, செய்து காட்ட ஒன்று. வெண்ணெய் சேர்க்காதீர்கள். யூத உணவு விதிப்படி இறைச்சியும் பாலும் ஒன்றாக வரக் கூடாது; எண்ணெய் என்றால்தான் ரொட்டி இறைச்சி உணவோடும் பால் உணவோடும் மேசைக்கு வரலாம். ஒவ்வொரு முட்டையையும் தனிக் கண்ணாடிக் கிண்ணத்தில் உடைத்துப் பாருங்கள். ரத்தப் புள்ளி இருந்தால் அது ஆகாது. மாவைச் சனி இரவு ஷபாத் முடிந்த பிறகே பிசைய முடியும். பிசைந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஞாயிறு நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுங்கள். ஜில்லென்றே பின்னினால் இழை அறுந்துபோகும். அதிகம் வெதுவெதுப்பானால் கையோடு ஒட்டும்.

பெரிய மாவிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து எரிப்பது பழைய சட்டம்; ரொட்டியின் பெயரே அந்தத் துண்டிலிருந்து வந்ததுதான். ஆனால் பல வீடுகளுக்குப் பங்கிடுவதற்கென்றே பிசைந்த மாவுக்கு ஆசி சொல்லலாமா என்பதில் சிக்கல் உண்டு. ரப்பியிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இருபது குடும்பத்துக்கு நடுவில் நின்று அதைப் பேசிக்கொண்டிருக்க முடியாது.

ஒவ்வொரு மேசையிலும் 200 கிராம் உருண்டை மூன்று. முதல் பத்து நிமிடம் உருட்டுவது. இழையின் நடு தடித்தும் முனைகள் மெலிந்தும் இருக்க வேண்டும். பின்னலை நடுவிலிருந்து தொடங்கி ஒரு பக்கம் முடித்து, திருப்பி மறுபக்கம் பின்னினால் இரண்டு முனையும் ஒரே மாதிரி அமையும். ஒரு முனையிலிருந்து தொடங்கினால் கடைசியில் இழுத்துக் கட்டி, சுடும்போது அங்கே வெடிக்கும். தலை பின்னத் தெரிந்த அம்மாவுக்கும் அக்காவுக்கும் இதில் கை தானே ஓடும். அப்பாக்களைத்தான் கூடப் பார்க்க வேண்டும்.

அன்றே சுடாதீர்கள். பின்னியதை அலுமினியத் தட்டில் வைத்து, இறுக மூடி, உறைபெட்டியில் வைக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்புங்கள். மூடியில் ஒரு சீட்டு: "வெள்ளி காலை வெளியே எடுக்கவும். நான்கைந்து மணி நேரத்தில் உருகி இரட்டிப்பாகும். முட்டை தடவி 180 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம்." ஈஸ்ட் சற்றுக் கூடுதலாகச் சொன்னது இந்த உறைபெட்டிக்காகத்தான். ஞாயிறன்று பின்னிய கை வெள்ளியன்று அடுப்பின் கதவைத் திறக்கும். அதற்காக நீங்கள் தனியாக ஒரு நினைவூட்டல் அனுப்ப வேண்டியதில்லை.

எபிரேயம்: 22 எழுத்தும் ஒரு பொறியும்

எபிரேயத்துக்கு 22 மெய்யெழுத்து, அதில் ஐந்துக்குச் சொல் இறுதியில் வேறு வடிவம். உயிரொலிகள் எழுத்துக்குக் கீழும் மேலும் புள்ளியாக, கோடாக வரும், நம் கொம்பும் துணைக்காலும் போல. வித்தியாசம் என்னவென்றால், ஜெபநூலில் அவை இருக்கும், தோராச் சுருளில் ஒன்றுகூட இருக்காது.

அகர வரிசையில் தொடங்காமல் ஷின், பேத், தாவ் மூன்றையும் முதலில் கற்றுக்கொடுங்கள். முதல் நாளே பிள்ளை "ஷபாத்" என்ற சொல்லைத் தானே வாசித்துவிடும். ஒன்றுபோல் இருக்கும் எழுத்துகளை (பேத்-காஃப், தாலெத்-ரேஷ், ஹே-ஹேத்) ஒரே வாரத்தில் அறிமுகப்படுத்தக் கூடாது. இடையில் மூன்று வாரமாவது போகட்டும். தாலெத்துக்கும் ரேஷுக்கும் வேறுபாடு வலது மேல் மூலையில் ஒரு சின்னக் கூர்மைதான். "ஆண்டவர் ஒருவரே" என்னும் உபாகமம் 6:4இல் வரும் "எஹாத்" என்ற சொல்லின் கடைசி எழுத்து தாலெத். அதை ரேஷாகப் படித்தால் எழுத்தளவில் "வேறொருவர்" என்றாகிவிடும். அதனால்தான் தோராச் சுருளில் அந்தத் தாலெத்தைப் பெரிதாக எழுதுகிறார்கள். இதைச் சுருளிலேயே காட்டினால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதன்பின் அந்த எழுத்து மறக்காது.

பொறி எது என்றால், ஆங்கில எழுத்தில் எழுதிய எபிரேயம். ஒரு முறை அந்தத் தாள் கைக்கு வந்தால் கண் அதை மட்டுமே தேடும். பெற்றோருக்குக் கொடுக்கலாம், பிள்ளைக்கு வேண்டாம். பிள்ளைக்கு ஒலிப்பதிவும் எபிரேய எழுத்தும் மட்டும்.

பன்னிரண்டு பேர் மாறி மாறி ஒரு வரி வாசிக்கும் வகுப்பில், ஒரு பிள்ளை வாய்விட்டு வாசிக்கும் நேரம் மூன்று நான்கு நிமிடம். அதே பிள்ளையோடு வாரத்துக்கு ஒரு நாள், 15 நிமிடம், காணொளி அழைப்பில் தனியாக வாசித்தால் ஒரே பருவத்தில் வித்தியாசம் தெரியும். வார நடுவில் வைக்கும் மாலை வகுப்பை எடுத்துவிட்டு இதை வைக்க நிர்வாகக் குழு தயங்கும். கட்டடத்தில் பிள்ளைகள் ஓடுவதைப் பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு திருப்தி. ஒரு வகுப்பை மட்டும் மாற்றிப் பாருங்கள். டிசம்பரிலும் மார்ச்சிலும் ஒரே பத்தியை வாசிக்க வைத்து ஒலிப்பதிவை அவர்களிடம் போட்டுக் காட்டுங்கள்.

பார் மிட்ஸ்வா, பாட் மிட்ஸ்வா

பிள்ளை மதக் கடமைகளை ஏற்கும் வயது இது: ஆண் பிள்ளைக்கு (பார் மிட்ஸ்வா) 13, பெண் பிள்ளைக்கு (பாட் மிட்ஸ்வா) மரபுப்படி 12. பல சபைகளில் இருவருக்கும் 13. பெண் பிள்ளைக்கு அமெரிக்காவில் இந்தச் சடங்கு 1922 மார்ச் 18 அன்று நியூயார்க்கில் ஜூடித் கப்லானுக்கு நடந்ததிலிருந்து பரவியது. தேதியை மூன்று வருஷம் முன்பே கொடுங்கள். பிறந்த நாளை எபிரேய நாட்காட்டியில் கணக்கிடும்போது இரண்டு இடத்தில் தப்பு வரும். சூரியன் மறைந்த பின் பிறந்த பிள்ளைக்கு மறுநாள் தேதி, ஆகவே பிறந்த மணியையும் கேளுங்கள். சாதாரண வருஷத்து ஆதாரில் பிறந்த பிள்ளைக்கு வயது நிறைவது அதிக மாத வருஷத்தில் என்றால் இரண்டாம் ஆதாரே கணக்கு.

ஒரு வருஷம் முன்பு, வேதப் பகுதியை ராகத்தோடு வாசிக்க உதவும் இசைக்குறிகளைக் கற்பிக்கத் தொடங்குங்கள். தோராவும் தீர்க்கதரிசிகள் பகுதியான ஹஃப்தாராவும் ஒரே குறிகளையே பயன்படுத்துகின்றன, ராகம் மட்டும் வேறு. குறியைக் கற்காமல் ஒலிப்பதிவைக் கேட்டுக் கிளிப்பிள்ளையாக மனப்பாடம் செய்த பிள்ளை, விழா முடிந்த மறுவாரமே அனைத்தையும் மறக்கும். குறி தெரிந்த பிள்ளையை ஆறு மாதம் கழித்து வேறொரு பகுதி வாசிக்கக் கூப்பிடலாம். ஒன்பது மாதம் முன்பு ஆசிகளும் ஹஃப்தாராவும், ஆறு மாதம் முன்பு தோரா வசனங்கள், நான்கு மாதம் முன்பு உரை. தோரா வாசிப்புக்கான ஒரு அழைப்புக்குக் குறைந்தபட்சம் மூன்று வசனம் என்பது விதி. வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு அந்த மூன்று வசனம் முழுமையான பார் மிட்ஸ்வாதான். அதைக் குறைந்ததாகப் பேசும் ஆசிரியரைத் திருத்துங்கள்.

திக்குன் என்ற பயிற்சி நூலில் ஒரு பத்தி உயிர்ப்புள்ளிகளோடும் இசைக்குறிகளோடும், பக்கத்துப் பத்தி சுருளில் உள்ளபடி மொட்டையாகவும் இருக்கும். ஒரு வசனத்தை இடப்பக்கமும் வலப்பக்கமும் மாற்றி மாற்றி மூன்று முறை வாசித்து, பிறகு குறியுள்ள பக்கத்தை அட்டையால் மூடி வாசிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு வசனத்துக்கு மேல் வேண்டாம், மறுநாள் புதியதற்கு முன் பழையது. வீட்டில் நாளுக்கு 20 நிமிடம், வாரம் ஐந்து நாள். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஈடுகட்டலாம் என்பது நடக்காது.

ஆறு வாரம் முன்பு பிள்ளையைச் சுருளின் முன் நிறுத்துங்கள். இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தப்பு. நூலில் அவன் வசனம் பக்கத்தின் மேலே இருந்தது, சுருளில் அது பத்தியின் நடுவில், வரி வேறு இடத்தில் முறிகிறது, சில எழுத்துகளுக்கு மேல் சிறு கிரீடங்கள். கண் தொலைந்துபோகும், குரல் நின்றுவிடும். முதல் நாள் வாசிக்கச் சொல்லாதீர்கள். யாத் என்ற வெள்ளிக் கோலைக் கையில் கொடுத்து (சுருளை வெறும் விரலால் தொடுவதில்லை) தன் பகுதியின் முதல் சொல்லைத் தேடச் சொல்லுங்கள், பிறகு கடைசிச் சொல்லை. அதோடு அனுப்பிவிடுங்கள். இரண்டாம் முறை முதல் வசனம். கோலை எழுத்துக்குச் சற்றுக் கீழே நகர்த்த வேண்டும். எழுத்தின் மேலேயே வைத்தால் அடுத்த எழுத்தை மறைத்துக்கொள்வார்கள், மையும் உராயும்.

இன்னொன்றையும் முன்பே சொல்லுங்கள்: வாசிப்பவரின் இருபுறமும் நிற்கும் கபாய்கள், பொருள் மாறும் பிழை வந்தால் சத்தமாகத் திருத்துவார்கள். அது அவர்கள் கடமை. ஒத்திகையில் வேண்டுமென்றே இரண்டு இடத்தில் பிள்ளையை இடைமறித்துப் பழக்குங்கள். "சரி" என்று தலையசைத்து அந்தச் சொல்லை மறுபடி படித்துப் போகத் தெரிந்தால் போதும்.

உரை ஐந்து நிமிடம், 600 சொல். தொடக்கம் வசனத்தில் பிள்ளைக்கே உறுத்திய ஒரு கேள்வியாக இருக்கட்டும். கேள்வி கிடைக்கும்வரை எழுத விடாதீர்கள். நன்றிப் பட்டியல் விருந்துக்குப் போகட்டும். அப்பா எழுதிக் கொடுத்த உரை இரண்டாவது வாக்கியத்தில் தெரிந்துவிடும், பதின்மூன்று வயதுப் பையன் "ஆகவே" என்று பேச மாட்டான்.

ஷபாத் அன்று, சமையலறையில், குப்பைத்தொட்டி அருகில்

சனி காலை சிறு குழந்தைகளுக்கான ஆராதனை 30 நிமிடத்தைத் தாண்டக் கூடாது: நான்கைந்து பாட்டு, ஆறு நிமிடக் கதை, பஞ்சுத் தோராக்களைத் தூக்கிக்கொண்டு ஒரு ஊர்வலம், ரொட்டியும் சாறும். ஷபாத் விதிகளைக் கைக்கொள்ளும் சபையில் அன்று எழுதுவது, வெட்டுவது, ஒட்டுவது, படம் எடுப்பது எதுவும் இல்லை. வண்ணக்குச்சி டப்பாக்களை வெள்ளி மதியமே அலமாரியில் பூட்டுங்கள். ஃபெல்ட் துணிப் பலகை, மரப் பொம்மை, முன்பே வெட்டி வைத்த உருவங்கள் போதும். கிட்டார் வாசிக்கலாமா என்பது சபைக்குச் சபை மாறும்; புதிய பாட்டு ஆசிரியரிடம் வேலைக்கு எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

தின்பண்டம், யூத உணவு விதிக்கு ஏற்றது என்று காட்டும் கோஷர் முத்திரையுள்ள, உடைக்காத பொட்டலமாக மட்டுமே உள்ளே வர வேண்டும். அன்பாகச் செய்துவந்த வீட்டுக் கேக்கைத் திருப்பி அனுப்புவது சங்கடம்தான். விதியை முதல் கடிதத்திலேயே எழுதினால் அந்தச் சங்கடம் வராது. ஜெலட்டின் சேர்ந்த மிட்டாயில்தான் பலர் தவறுகிறார்கள். அது பன்றியிலிருந்தும் வரும். வேர்க்கடலை ஒவ்வாமைப் பட்டியலைச் சமையலறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள்.

இறைவனின் நான்கெழுத்துப் பெயர் அச்சிட்ட தாளைக் குப்பையில் போடக் கூடாது. கெனீஸா என்ற பெட்டியில் சேர்த்துப் பின்னர் கல்லறைத் தோட்டத்தில் புதைப்பார்கள். பிரதி எடுக்கும் இயந்திரத்தின் பக்கத்திலேயே ஒரு கெனீஸாப் பெட்டி வையுங்கள், அங்கேதான் பாழான தாள் விழும்.

பதின்மூன்றுக்குப் பின்

பார் மிட்ஸ்வா முடிந்த திங்கட்கிழமையோடு பிள்ளை காணாமல் போவது எல்லாச் சபைக்கும் பொதுவான நோய். மருந்தை விழாவுக்கு முன்பே கொடுக்க வேண்டும். ஏழாம் வகுப்பிலேயே, இரண்டு மாதம் முன்பு, பிள்ளையை மத்ரிக் என்ற உதவியாளனாக ஒரு சிறுவனோடு இணைத்து, வாரம் 15 நிமிடம் எபிரேயம் வாசிக்க வையுங்கள். விழாவுக்கு அடுத்த ஞாயிறு அவனுக்காக ஒரு சிறுவன் காத்திருப்பான். "வந்து உதவி செய்" என்று பொதுவாகச் சொன்னால் தாழ்வாரத்தில் கைபேசியோடு நிற்பார்கள். ஒருவருக்கு ஒரு பிள்ளை, ஒரு பக்கம், ஒரு கையெழுத்துத் தாள். எட்டாம் வகுப்பிலிருந்து சிறு தொகை கொடுங்கள்.

இளைஞர் இயக்கங்களைப் புதிதாக உருவாக்க வேண்டாம். 1924இல் ஓமாஹாவில் தொடங்கிய ஏஇசட்ஏ என்ற இளைஞர் சங்கத்தின் வழிவந்த பிபிஒய்ஒ, ரிஃபார்மின் நிஃப்டி (1939), கன்சர்வேடிவ் இயக்கத்தின் யுஎஸ்ஒய் (1951) எல்லாம் முகாமும் மாநாடும் நடத்துகின்றன. உங்கள் பங்கு வண்டியும் பெரியவர் துணையும் கட்டணத்தில் பாதியும். நிகழ்ச்சியைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும்; மோசமான நிகழ்ச்சி ஒன்றை அவர்களே நடத்திக் கெடுத்துக்கொள்வதும் பயிற்சிதான்.

கதவு

2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் ட்ரீ ஆஃப் லைஃப் ஜெப ஆலயத்தில் 11 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, அமெரிக்காவில் ஞாயிறு பள்ளியின் வாசலில் காவலர் நிற்பது வழக்கமாகிவிட்டது. அவருக்கு மாணவர் பட்டியலும் யார் யாரை அழைத்துப் போகலாம் என்ற பட்டியலும் வாராவாரம் புதிதாகப் போக வேண்டும். அறையில் எப்போதும் இரண்டு பெரியவர், கதவில் கண்ணாடி, அனைவருக்கும் பின்னணிச் சரிபார்ப்பு, தன்னார்வலருக்கும் சேர்த்து. கதவடைப்புப் பயிற்சியைச் சிறு பிள்ளைகளிடம் "சத்தமில்லாமல் உட்காரும் பயிற்சி" என்று மட்டும் சொல்லி, அன்றே பெற்றோருக்குச் செய்தி அனுப்புங்கள். வீட்டில் முதலில் பிள்ளை வாயிலிருந்து கேட்டால் பதறுவார்கள்.

மே கடைசியில் கெனீஸாப் பெட்டியைக் காலி செய்து, எழுதுபொருள் எண்ணி முடித்ததும் அடுத்த நாட்காட்டியை விரியுங்கள். 2027இல் ரோஷ் ஹஷானா அக்டோபர் 2. செப்டம்பர் 12, 19, 26 மூன்று ஞாயிறும் கையில் இருக்கின்றன, அதன்பின் அக்டோபர் 3, 10, 17, 24 நான்கும் பண்டிகையில் போகின்றன. மூன்று வாரம் கற்ற எழுத்தை நான்கு வார இடைவெளி தின்றுவிடும். அந்த வருஷம் புதிய பிள்ளைகளுக்கு செப்டம்பரில் எழுத்தைத் தொடாமல் மெழுகுவர்த்திப் பையிலிருந்து தொடங்கி, ஷின், பேத், தாவை அக்டோபர் 31க்கு வைத்துக்கொள்ளுங்கள்.